கையகலச் சன்னலுக்கு ஓர் ஏசி

தோப்பில் தேங்காய் வெட்ட ஏறி, மட்டை முறிந்து விழுந்த மூக்கையாவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மதுரையில் உயிரை மட்டும் மீட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்டாள் அவர் மனைவி கனகலட்சுமி. புரட்டிப் போடுவது, மூத்திரப் பை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. வெயிலுக்குத்தான் அவளிடம் வழியில்லை. பங்குனி பிறந்ததும் அவர் உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. காய்ச்சல் மாத்திரை எதற்கும் சூடு இறங்கவில்லை.

"நமக்கு வேர்த்து உடம்பு ஆறுது. அவருக்கு வேர்க்காதும்மா" என்றார் டாக்டரம்மா. "ரூமுல என்ன வெக்கையோ அது அப்படியே உடம்புல ஏறும். ஒரு ஏசி போட்டுருங்க. இது சொகுசு இல்ல, மருந்துன்னு நெனைச்சுக்கங்க."

கனகலட்சுமி பசுவையும் கன்றையும் விற்றாள்.

உச்சிப்புளிக்குத் தெற்கே உள்ள அந்த வீடு மாமனார் கட்டியது. பாகம் பிரித்தபோது மூக்கையா நல்ல உடம்போடு இருந்தார். "சின்னவன் புள்ளகுட்டிக்காரன், முன்பக்கத்த அவன் எடுத்துக்கிறட்டும்" என்று தானாகவே சொல்லிவிட்டு, நடுவில் இருந்த ஒற்றை ரூமையும் பின்னால் ஒட்டிய ஓலை அடுப்படியையும் வாங்கிக்கொண்டார். தம்பி தர்மராஜ் முன்பக்கத்தை இடித்துக் கட்டி, ராமேஸ்வரம் போகும் வடநாட்டு யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டான். நாலு ரூம், நாலிலும் ஏசி. மூக்கையா படுத்திருந்த ரூமுக்குக் கையகலத்தில் ஒரு சன்னல்தான் உண்டு. அது தர்மராஜின் முற்றத்தைப் பார்த்திருந்தது.

சன்னலைச் சேலை நுனியால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, ராமநாதபுரத்தில் ஹமீது சுல்தானின் ஏசிக் கடைக்குப் போனாள். அவள் நுனியை நீட்ட, அவர் முடிச்சுவரை டேப் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சன்னலுக்குள்ள நுழையற மாதிரி ஏசி எந்தக் கம்பெனியிலயும் கிடையாதும்மா. சுவர ஒடச்சுப் பெருசாக்கணும். அப்பவும் ஏசியோட முதுகு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். இல்லாட்டி ஸ்ப்ளிட் போடலாம், வெளிப்பெட்டிய அந்தப் பக்கச் சுவருல தொங்கவிடணும்; பின்பக்கம் ஓலைக்குள்ள மாட்டுனா வெக்கை வெளிய போகாது. உங்க ஊருல உப்புக்காத்து வேற. செம்புக் காயில் போட்டதாப் பாத்துத் தாரேன், சீக்கிரம் அரிக்காது."

அன்று சாயங்காலமே தர்மராஜிடம் போய் நின்றாள்.

"தம்பி, ஒங்க அண்ணனுக்கு ஒரு ஏசி போடணும். பெட்டிய ஒங்க பக்கம் மாட்டிக்கிறட்டா?"

அவன் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கார் நிக்கிற எடம் மதினி. வெக்கையும் தண்ணியும் கஸ்டமர் மேல விழும்."

"ஒங்க பெட்டி நாலும் எங்க சன்னலப் பாத்துத்தானே ஊதுது?"

"சுவரு ஒங்களுது. இல்லைங்கல. சுவருக்கு வெளிய இருக்கற காத்து எங்களுது."

அவன் மனைவி சத்யப்பிரியா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இந்த வார்த்தையைத் திரும்பிப் போய்ப் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்றே கனகலட்சுமிக்கு விளங்கவில்லை. "பாப்பம்னு சொல்லிருக்காக" என்றாள். மூக்கையா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹமீது சுல்தான் வேறொன்றைத் தேடிக் கொடுத்தார். தரையில் சக்கரத்தோடு நிற்கும் சின்ன ஏசி. வெக்கையை வெளியே தள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்; அதன் வாய் அந்தச் சன்னலில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. "ஸ்ப்ளிட் அளவுக்குக் குளிராதும்மா, சத்தமும் போடும். உள்ளதச் சொல்லிட்டேன்" என்றார். ஏற்றிவிடும்போது ஆட்டோக்காரரிடம் படுக்கப் போடாமல் நிமிர்த்தியே கொண்டுபோகச் சொன்னார்.

சத்தம் போடத்தான் செய்தது. ஆனால் முதல் நாள் மத்தியானம் மூக்கையாவின் நெற்றியில் கை வைத்தவள் பயந்துபோய் எடுத்தாள். அவ்வளவு குளுமையாக அவரைத் தொட்டு நாளாகியிருந்தது.

"ஏன்டி கையெடுத்துட்ட?" என்றார் அவர். "அங்கனயே வையி."

சித்திரை முழுக்க அவர் சோறு கேட்டுச் சாப்பிட்டார். பரமக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயப்பிரியாவிடம் போனில் சிரித்துப் பேசினார்.

வைகாசி பிறந்து அக்னி நட்சத்திரம் முடியுமுன் தர்மராஜ் வந்தான். குழாயிலிருந்து வரும் அனல், முற்றத்தில் உட்காரும் யாத்திரைக்காரர்கள் மேல் அடிக்கிறதாம். குழாயை எடுக்கச் சொன்னான். எடுத்தால் அந்த வெக்கை ரூமுக்குள்ளேயே சுற்றும், ஏசி போட்டும் போடாத மாதிரிதான் என்று அவள் எடுத்துச் சொன்னாள். மறுநாள் அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள், கொத்தனார் அந்தப் பக்கமிருந்து சன்னலை சிமெண்டுக் கல் வைத்து அடைத்து முடித்திருந்தார். ஏசிக் குழாய் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. படுத்த படுக்கையில் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த மூக்கையா, "ஏலே தர்மா, ஏலே தர்மான்னு கூப்புட்டேன். அவன் காதுல விழுகல போல" என்றார்.

அவள் குழாயை அடுப்படிப் பக்கம் திருப்பினாள். ஓலைக்குள் சேர்ந்த அனல் வாசல் வழியே திரும்பி வந்தது. மிஷின் கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். அதற்கு அடுத்த நாள் உச்சிப்பொழுதில் அவருக்குப் பேச்சு குழறியது. நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். வண்டி மண்டபம் ஊரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். முன்பக்கம் ஓடினாள்.

"தம்பி, மூணாவது ரூமு சும்மாதான கெடக்கு? வண்டி வர்ற வரைக்கும் அதுல படுக்கப் போடுவம். கொஞ்சம் குளுந்தாப் போதும்யா."

"நாலு மணிக்கு புக்கிங் இருக்கு மதினி. மெத்தையில மூத்திர வாடை ஏறிருச்சுன்னா என்ன செய்ய?" சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பச்சத் தண்ணிய எடுத்து ஊத்துங்க. வண்டி வந்துரும்."

ஊற்றினாள். வண்டியும் வந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது அவர் இல்லை.

உடம்பைக் கொண்டுவருவதற்குள் தர்மராஜ் முற்றத்துக் கார்களை அப்புறப்படுத்தி, பந்தல் போட்டு, பெரிய ஐஸ் பெட்டி ஒன்று வரவழைத்திருந்தான். கண்ணாடி மூடிக்குள் மூக்கையா விறைத்துப்போய்க் கிடந்தார். "அண்ணனுக்கு ஒரு கொறையும் வைக்கல தம்பி" என்று வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். தலைமாட்டில் இருந்த கனகலட்சுமி அழவே இல்லை. ஜெயப்பிரியா வந்து விழுந்து அழும்போதுதான் பெட்டியின் மேல் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பெட்டியை எடுக்கும்வரை மறுபடி தொடவே இல்லை.

காரியம் முடிந்ததும் தர்மராஜ் அவள் ரூமுக்கு வந்து உட்கார்ந்தான். "ஒத்தையில இங்கன என்ன செய்யப் போறீக மதினி? மக வீட்டோட போயிருங்க. இந்த ரூம எனக்கு எழுதிக் குடுத்துருங்க. நல்ல வெல தாரேன்."

"மொதல்ல அந்தக் கல்ல எடு."

அவன் வெளியே போய் ஆளைக் கூப்பிட்டான். கடப்பாரையால் நாலு நெம்பு நெம்பியதும் கல் அத்தனையும் அந்தப் பக்கம் சரிந்தது. வெளிச்சம் நேராக வந்து காலிக் கட்டிலில் விழுந்தது. இவ்வளவு லேசானதா? இதற்கு ஒரு கடப்பாரை போதுமா? இதை எடுக்கச் சொல்லி யார் யார் காலில் விழலாம் என்று அவர் உயிரோடிருந்த அந்த இரண்டு நாளும் அவள் யோசித்துக்கொண்டே இருந்திருந்தாள்.

"இப்ப பேசுவமா மதினி?" என்றான் தர்மராஜ், கைத்தூசியைத் தட்டிக்கொண்டு.

"எழுதிக் குடுக்க மாட்டேன். போ."

அதற்குப் பிறகு அவனோடு அவளுக்குப் பேச்சு இல்லை. அவன் ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தான். ஜெயப்பிரியாவும் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். கனகலட்சுமி அசையவில்லை. தோப்பு வேலையைப் பார்த்துக்கொண்டு அந்த ஒற்றை ரூமிலேயே இருக்கிறாள். எப்போதாவது யாத்திரைக்காரர் யாராவது இடம் தெரியாமல் பையோடு வந்து அவள் கதவைத் தட்டி, இந்தியில் ரூம் கேட்பார்கள்.

"இது வீடு" என்று தமிழில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.