துண்டுக்காரன் பேரைச் சொல்லி

கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டே சொற்கள் நின்றன. படம் இல்லை, சத்தம் இல்லை. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. அப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, டி.வி. வைத்திருந்த வீட்டு மேஸ்திரியம்மாதான் படித்துச் சொன்னாள். எழுத்து எனக்கு இன்றும் அவ்வளவாக வராது. பஸ் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்த இரண்டு சொற்களை மட்டும் எங்கே கண்டாலும் கூட்டாமலே படித்துவிடுவேன்.

அப்போது நாங்கள் மெட்ராஸை ஒட்டிய மேனாம்பேட்டில் இருந்தோம். மாமனார் போன மறுவருஷம் என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பாகத்தில் மனஸ்தாபம் வந்து, ஒரே கூடத்தின் நடுவே குறுக்குச் சுவர் எழும்பியது. சுவரில் ஈரம்கூடக் காயவில்லை. "அந்தப் பக்கம் ஒரு வார்த்த போச்சுன்னு தெரிஞ்சுது, நீயும் அந்தப் பக்கமே பூடு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். தம்பியும் தன் மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவள் என் ஓர்ப்படி. தாயில்லாமல் வளர்ந்த பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், எங்கள் வீட்டுக் குழம்பின் பக்குவம் காட்டியதும் நான்தான். சுவர் வந்த பிறகு அவள் கரண்டிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். ஒரு காலையில் அந்தப் பக்கம் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் முழுகாமல் இருக்கிற சேதி எனக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பக்கத்து ஊரான பாடியில் ஒரு கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர் எங்கள் தெருவில் முதன்முதலாக டி.வி. வாங்கினார். மரக்கதவு வைத்த பெட்டி. மேஸ்திரியம்மா அந்தக் கதவை ஏதோ சாமி அறையைத் திறக்கிற மாதிரி திறப்பாள். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வெள்ளைக்காரப் படம் ஒன்று வரும். முகமூடி போட்ட ஒருவன், தோளில் கட்டிய துணி படபடக்க வானத்தில் பறப்பான். அவன் பேசுகிற இங்கிலீஷ் எங்களில் ஒருத்திக்கும் புரியாது. அது ஒரு குறையாகவே படவில்லை. ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டோம். அவனுக்குத் துண்டுக்காரன் என்று பெயரும் வைத்தோம். "துண்டு போட்டவன்லாம் பறக்கலாம்னா எங்க மாமனாரு இந்நேரம் மெட்ராஸையே சுத்திக்கினு வந்திருப்பாரு" என்பாள் ஒருத்தி. "அவன் பொண்டாட்டியச் சொல்லு. புருசன் ஜன்னல் வழியா போறான், வாசல் வழியா வரான், இன்னான்னு ஒரு வார்த்த கேக்கறாளா?" என்பாள் இன்னொருத்தி. அழகான பெண்கள் விழுந்தால்தான் துண்டுக்காரன் பிடிக்க வருகிறான் என்பது மேஸ்திரியம்மாவின் குற்றச்சாட்டு.

ஓர்ப்படியும் அங்கே வருவாள். நான் கதவோரம், அவள் பெட்டிக்குப் பக்கத்தில். முகம் பார்த்துக்கொள்ள மாட்டோம். எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தவர்கள் சாடை பேசுவது வழக்கம். கோழியை விரட்டுகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டித் தீர்ப்பார்கள். திட்டுவதற்கென்று இருந்த அந்த வழியில்தான் நாங்கள் இருவரும் நலம் விசாரித்துக்கொண்டோம். முதலில் வாய் திறந்தது நான். "மேஸ்திரியம்மா, துண்டுக்காரன் பொண்டாட்டி மூஞ்சப் பாரு, ரத்தமே இல்ல. முருங்கக்கீரய ஆஞ்சி நெய் ஊத்தி வதக்கித் துன்னச் சொல்லு" என்றேன். கூடமே சிரித்தது. வெள்ளைக்காரிக்கு முருங்கைக்கீரையா என்று ஒருத்தி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். ஓர்ப்படி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் திரையைப் பார்த்தபடி, "வெள்ளக்காரி தேறிட்டா மேஸ்திரியம்மா. கீர துன்னா போல கீது" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. மேஸ்திரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். நாங்கள் பேசத் தொடங்கினால் அவள் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

ஓர்ப்படிக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்த நேரம். படம் முடிகிற தறுவாயில் அவள் சொன்னாள். "துண்டுக்காரன் கண்காணாத ஊருக்குப் பறந்து பூடப் போறான். அங்க வேல கெடச்சிட்டுதாம். பொண்டாட்டியையும் இட்டுக்கினு போறான். பாஷ தெரியாத ஊர்ல அவளுக்கு யாரு வெந்நி வெப்பா?" கொழுந்தன் வடக்கே போகப் பார்க்கிறார் என்று ஊரில் அரசல் புரசலாகப் பேச்சு இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் படம் முடிந்தது. வெளியே கொழுந்தனின் சைக்கிள் மணி அடித்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் பதிலைத் தயார் செய்தேன். மாவு ஆட்டும்போதும், குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவன் போகட்டும், சம்பாதிக்கட்டும், அவளை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போகட்டும், பிரசவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். துண்டுக்காரன் பேரைச் சொல்லி இதைச் சொல்லிவிட்டால் போதும். நான் கூப்பிட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அவள் எப்படியாவது தன் புருஷனிடம் அடம்பிடித்து இருந்துவிடுவாள். அப்புறம் வீட்டில் என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று துணிந்தேதான் போனேன்.

அன்றைக்குத்தான் படம் வரவில்லை. அந்த இரண்டு சொற்கள் நின்றன. இப்போது வரும், இப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். பறப்பதற்கு அவன் இல்லை, திட்டுவதற்கு அவன் பொண்டாட்டி இல்லை. யாரைச் சாக்கிட்டு நான் பேசுவது? நேராக அவளைப் பார்த்துப் பேச நாக்கு எழவில்லை. கூடம் நிறைய ஆட்கள், அதில் பாதிப் பேர் என் வீட்டுக்காரருக்கு உறவு.

"இன்னா எழுதிக்கீது மேஸ்திரியம்மா?" என்று ஓர்ப்படி கேட்டாள்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

"யாரு வருந்தறாங்க?"

"டி.வி.காரங்கதான்."

"அவங்களாவது சொன்னாங்களே" என்றாள் அவள். சைக்கிள் மணி அடித்தது. முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனாள். அந்த வாரமே அவர்கள் அண்ணனூரில் ரயில் ஏறி, சென்ட்ரல் போய், வடக்கே போய்விட்டார்கள். பிரசவத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் வெந்நீர் வைத்தாளாம். அவள் சொன்னது இவளுக்குப் புரியாது, இவள் அழுதது அவளுக்குப் புரியாது. குழந்தை பிழைத்தது என்பது மட்டும் அப்போது கடுதாசியில் வந்தது, மற்றதெல்லாம் பின்னால் காதில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் காலமானபோதுதான் அவள் மறுபடி வந்தாள். அதற்குள் குறுக்குச் சுவரை இடித்து, அந்த இடத்தில் மாடி வீடே எழும்பியிருந்தது. எங்களைத் தடுக்க ஆள் இல்லை. ஆனாலும் பேச்சு ஓடவில்லை. காரியம் முடிந்த மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கலர் டி.வி.யில் யாரோ ஒருவன் துணி படபடக்கப் பறந்துகொண்டிருந்தான். அவள் என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னாள். "துண்டுக்காரன் இன்னும் பறந்துகினுதான் கீறான்."

நானும் திரையைப் பார்த்தேன். "பறக்கட்டும். பொண்டாட்டிய மட்டும் இங்க உட்டுட்டுப் போவச் சொல்லு. பிரசவத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "இப்பத்தான் தடங்கல் தீந்துச்சா அக்கா?" என்றாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் சுருங்கிப்போயிருந்தது. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பிறகு அவள் வரவில்லை. அவள் கண்ணை மூடிய சேதிதான் போனில் வந்தது.

இப்போது மகன் வீட்டில் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய டி.வி. இருக்கிறது. மழை பெய்தால் படம் நின்றுவிடும். எழுத்து ஒன்றும் வருவதில்லை, வட்டம் ஒன்று சுற்றுகிறது. வருந்துவதாக யாரும் சொல்வதில்லை. மருமகள் அலுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அந்த இரண்டு சொற்கள் வருமா என்று, வட்டம் நிற்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.