நார் கட்டாத தண்டு

பூலாம்பாடியில் காற்று அரை மணி நேரம்தான் அடித்ததாம். மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, என் தங்கை கலைச்செல்வியின் மக்காச்சோளக் காடு பாய் விரித்த மாதிரி தரையில் கிடந்தது. கதிர் பால் பிடித்திருந்த நேரம்...

வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் காடு. அதே காற்று, அதே மழை. அந்தக் குட்டைச் சோளம் லேசாகச் சாய்ந்ததோடு சரி. நின்றுகொண்டிருந்தது.

கலை ஒடிந்த தட்டை ஒன்றை எடுத்துப் பிளந்து காட்டினாள். உள்ளே ஈரப் பஞ்சு. வெளித்தோல் நகத்தால் கீறினாலே கையோடு வந்தது.

“பாருண்ணே, நாரே கட்டல. அது இருந்தாத்தான் காத்துக்கு வளைஞ்சு குடுத்துட்டு திரும்ப நிமிரும். வெறும் தண்ணிய வச்சுக்கிட்டு எவ்ளோ ஒசரம் நிக்கும்?”

அவள் தாவரவியல் பட்டதாரி. தண்டைத் தாங்கும் திசுக்களைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். விதைப்பிலிருந்தே கணவர் செல்வராஜிடம் கெஞ்சியிருக்கிறாள் — “ஏங்க, இவ்ளோ நெருக்கி விதைக்காதீங்க. யூரியாவக் கொட்டாதீங்க. கிடுகிடுன்னு ஒசரும், தண்டு கெட்டிப்படாது.”

அவர் பதில்? “நீ பாஸ் பண்ணதெல்லாம் பேப்பர்ல. காடு எனக்குத் தெரியும்.”

சோளம் ஆள் உயரம் தாண்டிக் கரும்பச்சையாக நின்றபோது ஊரே பாராட்டியது. அவரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்.

இப்போது தலை குனிவார் என்று நினைத்தேன். என்ன அப்பாவித்தனம்! வந்தவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது — வாயைத் திறக்கும் வரை.

“உன் வாய்தான்டி காரணம். விழும் விழும்னு சொல்லிக்கிட்டே இருந்த... விழுந்துடுச்சு. இப்ப சந்தோஷமா?”

“மச்சான், அவ சொன்னதக் கேட்டிருந்தா—” என்று ஆரம்பித்தேன். கலை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“விடுண்ணே. நீ பஸ் ஏறிடுவ.”

முன்கூட்டியே சொன்னால் கருநாக்கு. சொல்லாமல் இருந்தால், படித்த திமிர். பிறகு எப்போதுதான் அவள் வாயைத் திறப்பது?

விழுந்த தட்டையெல்லாம் மாட்டுத் தீவனமானது. அறுத்துக் கட்டியதும் அவளேதான்.

இந்தப் பட்டத்துக்கு மறுபடி சோளம் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு போயிருந்தேன். விதைப்பில் நெருக்கம் இல்லை. யூரியாவும் அளவோடுதான். அப்பாடா என்று டீக்கடைக்குள் நுழைந்தால், நாலு பேரை உட்கார வைத்து செல்வராஜ் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

“தண்டு நார் கட்டணும்ங்க. அப்பத்தான் காத்துக்குத் தாங்கும். இதெல்லாம் நமக்கு எவன் சொல்றான்? நாமளே பட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்!”

உண்மைதான். எவனும் சொல்லவில்லை. சொன்னது ஒருத்தி.