மாலி ரஞ்சனா

நெருளுக்குக் குடிபோன பிறகும், ரயில் செம்பூரைத் தாண்டும்போதெல்லாம் ரஞ்சனா ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். கழிவுநீர்க் கால்வாய் ஓரத்துப் புங்க மரங்களைப் பார்த்தால் மனசு பழைய ஆபீசுக்கே போய்விடும். அடடா, என்ன வருஷங்கள் அவை!

அப்போது மாட்டுங்காவில் வீடு. பஸ் பிடித்து மாநகராட்சி வார்டு ஆபீசுக்குப் போவாள். மரம் நடும் திட்டத்தில் காண்ட்ராக்ட் க்ளார்க். பணம் கொடுத்த அமைப்பு நிர்வாகச் செலவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தது. அவள் சம்பளம், நாற்காலி, சாயா எல்லாம் அதில்தான். பள்ளம் தோண்ட பர்மிஷன், தண்ணீர் லாரி, கன்று பட்டுப்போனால் வரும் சண்டை, அத்தனையும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும். பெயர்ப்பலகை வேறு! அதைத் தினமும் முந்தானையால் துடைப்பாள். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்து வருகிறது.

அந்த அமைப்பு விலகியது. அடுத்து வந்த கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: மரத்துக்குத் தருவோம், ஆபீசுக்குக் காலணா கிடையாது. மரம் என்ன, தானே பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்து நிற்குமா? யார் கேட்பது! வேலை போய்விடுமே என்று ரஞ்சனா பயந்தாள்.

மேலதிகாரி பத்ரிநாராயணன் கூப்பிட்டார்.

"கோச்சுக்காதே ரஞ்சனா. உன்னை மாலின்னு போட்டுடறேன். தோட்டவேலைக்குத்தான் அவா பணம் தருவா."

"நான் தொட்டியில துளசிகூட வெச்சதில்லையே சார்!"

"பேப்பர்லதானே? நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. நீ இல்லேன்னா இங்க ஒண்ணும் நடக்காது."

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்துவிட்டாள். பெயர்ப்பலகை அன்றே டிராயருக்குள் போயிற்று.

மழைக்காலத்தில் கம்பெனி அம்மாள் பார்வையிட வந்தாள். வேறு வழி? ரஞ்சனா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு சேற்றில் நின்றாள். பத்ரிநாராயணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து இந்தியில் சொன்னாள்: "எங்கள் பணம் இந்தக் கைகளுக்குத்தான் வர வேண்டும். நாற்காலியைத் தேய்க்கிற க்ளார்க்குகளுக்கு ஒரு பைசா போகக் கூடாது!"

எல்லாரும் கை தட்டினார்கள். ரஞ்சனாவும் தட்டினாள்.

சாயங்காலம் கால் சேற்றைக் கழுவிவிட்டு மேஜைக்கு வந்தாள். பார்வையிட்ட அறிக்கை அன்றே போயாக வேண்டும். போனால்தான் அடுத்த தவணை வரும். அவளை விட்டால் எழுத ஆள் ஏது? உட்கார்ந்து, அந்த அம்மாள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்தாள்.