அஞ்சடியில் அப்பா

அஞ்சடி என்ற சொல்லை எல்லாரும் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்! அஞ்சடியில் நில்லு, அஞ்சடிக் கடையில் பசியாறு, அஞ்சடியில் சைக்கிளைச் சாத்து. பட்டணத்து ஆட்களுக்கு அது வாயில் வந்துபோகும் சொல். எனக்கு அது தொண்டையில் முள்.

கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்த காலம் அது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் பலர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். "அங்க மட்டும் என்ன வச்சிருக்கு?" என்று அப்பா எங்களை மலாக்காவுக்கு நடத்திக் கூட்டி வந்தார். கூலி வேலை கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. ஒரு சீனர் கடைக்கு முன்னால், கூரைக்குக் கீழே ராத்தங்கினோம்.

அந்த இடத்துக்குப் பெயர் அஞ்சடி என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். ஏன் அப்படி ஒரு பெயர் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"கடை கட்டுறவன் தன் கூரைக்குக் கீழ அஞ்சடி அகலம் சனங்களுக்கு விடணும். வெள்ளைக்காரன் சட்டம். வெயிலு மழை படாம நடக்கத்தான். நம்ம மேல மழை படாது, பயப்படாதே."

ஏதோ சொந்த வீடு கட்டிவிட்டவரைப் போலச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நடக்க விட்ட இடத்தில் நாங்கள் படுத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்தும் மறைத்தாரோ என்னவோ. நல்ல உயரமான மனிதர். குறுக்கே நீட்டிப் படுத்தால் கால் தூணைத் தாண்டி வெளியே போகும். அதனால் நடப்பவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கித்தான் படுப்பார்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

வீடு என்று ஒன்று இருந்தால் நடுக்கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்துவார்கள். எங்களுக்கு ஏது கூடம்? அந்தக் கடையோ தெருவுக்குத் தெற்கில் இருந்தது. தெற்கே தலை என்றால் கடைக்கதவில் தலை, தெருப்பக்கம் கால். பக்கத்தில் படுத்திருந்த கைவண்டிக்காரர் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"குறுக்க போட்டா ஆளுங்க எப்படிக்கா நடப்பாங்க? சுவரோரமாவே இருக்கட்டும்லா."

"இத்தனை நாளா ஒதுங்கித்தானே படுத்தாரு. இன்னிக்காவது மனுசனா நீட்டிப் படுக்கட்டும்" என்றாள் அம்மா.

குறுக்கே கிடத்தினோம். கடைக்காரச் சீனர் பக்கத்துச் சந்து வழியாக வந்து பார்த்தார். விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சாவுத் தீட்டு கடைக்குள் வராமலிருக்க, அவர்கள் வழக்கப்படி கதவுக்கு மேலே ஒரு சிவப்புக் காகிதத்தை ஒட்டினார். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. நடந்து வந்தவர்கள் தெருவில் இறங்கிச் சுற்றிப் போனார்கள்.

பாடை கட்ட மூங்கில் தேடிப் போன கைவண்டிக்காரர் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலை கதவில் முட்டிக்கொண்டிருந்தது. மேலே இழுக்க இடமில்லை. கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் அத்தனையும் அப்பாவின் பாதத்தில்தான் கொட்டியது.

அம்மா தெருவில் இறங்கி, மழைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அந்தப் பாதங்களை மடியோடு அணைத்துக்கொண்டாள். நனைந்த முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.

"மழை படாதுன்னீங்களே... மழை படாதுன்னு சொன்னீங்களே..."