ஆள் மாறிய செவ்வாய்க்கிழமை

கொடைக்கானல் டவர் வந்து, மெட்ராஸ் நிகழ்ச்சிகள் ராஜபாளையத்தில் ஓரளவு புள்ளியில்லாமல் தெரிய ஆரம்பித்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. எண்பதுகளின் பிற்பாதி. கறுப்பு வெள்ளைப் பெட்டி, இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு குடும்ப நாடகம் போடுவார்கள். ஆபீஸ் போகிற அப்பா, அவரைப் பேச்சில் மடக்குகிற அம்மா, வாய்த்துடுக்குள்ள இரண்டு பிள்ளைகள், ஒரு தாத்தா. அரைமணி நேரம் ஏதாவது ரகளை நடக்கும், கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் எங்கள் முன்னறையில்தான் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அவர்கள் கதையைப் பார்த்தார்கள். நானும் சித்தியும் தப்பைப் பார்த்தோம்.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தாத்தா வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து காலேஜில் கணக்கு படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மட்டும் எங்களோடு தங்கிவிடுவாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆரம்பத்தில் அந்த நாடக வீட்டுக்கு மாடிப்படி இருந்தது. பிறகு படியைக் காணோம், ஆனாலும் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டார்கள். மூத்த பையன் வருஷம் மாறியும் ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தான். காலைக் காப்பிக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சுவர்க் கடிகாரத்தில் ஒரே நேரம். எல்லாவற்றையும் விட அந்த நாடகத்துத் தாத்தா. முதல் வாரங்களில் அவர் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை படத்தைக் காணோம், மனுஷன் மஞ்சள் பையோடு ஊரிலிருந்து வந்து இறங்கினார்.

"அக்கா, செத்தவரு வந்துட்டாரு! காப்பி போடு!" என்று சித்தி கத்தினாள். அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா விஷயம் தெரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "செத்த நேரம் சும்மா இருங்களேன், வசனம் கேக்கல" என்று பக்கத்து வீட்டு அத்தை சிடுசிடுத்தார்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சேலைதான். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது. கரை தெரியும், கட்டம் தெரியும், அது போதும். "ஏட்டி, பாத்தியா? உள்ள போகும்போது பெரிய கட்டம், வெளிய வரும்போது சின்னக் கரை. தோசை எடுக்கப் போனாளா, சேலை மாத்தப் போனாளா?" என்பாள் சித்தி. முந்திக்கொண்டு நான் கண்டுபிடித்துவிட்டால் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு விழும்.

அடுத்த வருஷம், சித்திக்குக் காலேஜ் லீவு விட்டிருந்த சமயம், அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். மாலை போட்ட படம் எங்கள் சுவரிலும் ஏறியது. சின்னப் பிள்ளைதானே, அந்த நாடகத்துத் தாத்தாவைக் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு யாரைக் கட்டிவைப்பது என்பதை அப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாத்தாவும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். "வெளிய இருந்து ஒருத்தி வந்தா பிள்ளையப் பாப்பாளா?" என்று தாத்தா கேட்டார். பேசிய எல்லோரும் பிள்ளை பிள்ளை என்றுதான் பேசினார்கள். அந்தப் பிள்ளை நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தியிடம் கேட்கவேண்டும் என்பது யாருக்கும் தோன்றக்கூட இல்லை. வடக்கே இருக்கும் திருவண்ணாமலை அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே இருக்கும் எங்கள் திருவண்ணாமலையில், மலைமேல் பெருமாள் சன்னதியில், காதும் காதும் வைத்தாற்போல் சித்தியை அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். படிப்பு கடைசி வருஷத்தில் நின்றது. "முடிச்சு என்ன, கலெக்டர் வேலைக்கா போகப்போறா?" என்றார் தாத்தா. பெற்ற மகளைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். ஆனால் சண்டை போட அவர் இல்லை.

அம்மாவின் சேலைகள் பீரோவில் அப்படியே இருந்தன. "கட்டாம வச்சா பூச்சி அரிச்சிரும்" என்றார் அப்பா. நூல் வியாபாரி, துணியின் அருமை தெரிந்தவர். சித்தி அம்மாவின் சேலைகளைக் கட்டிக்கொண்டாள், அம்மாவின் ஜாக்கெட்டுகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். வருஷத்துக்கு ஒருமுறை அம்மா படத்துக்கு முன்னால் ஒரு புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். கும்பிட்டு முடிந்ததும் அதையும் சித்திதான் கட்டிக்கொள்ள வேண்டும், இரண்டாவதாக வந்தவள் மூத்தவளுக்குச் செய்கிற மரியாதை அது. ஆக, அந்த வீட்டில் இறந்தவளுக்குத்தான் புதுச் சேலை எடுத்தார்கள். உயிரோடு இருந்தவளுக்கு என்று ஒன்று எடுத்து நான் பார்க்கவில்லை.

"இனிமே அம்மான்னுதான் கூப்பிடணும்" என்று வருகிறவர், போகிறவர் எல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அம்மா செத்துப்போனாள் என்பதாவது என்னுடையதாக இருக்கவேண்டாமா? ஒருநாள் கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்த சித்தி, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"யாரு என்ன சொன்னாலும் நீ என்னைச் சித்தின்னே கூப்பிடு ஏட்டி. இந்த வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான்."

அதன்பிறகு வேண்டுமென்றே உரக்கக் கூப்பிட்டேன். தெருமுனை வரை கேட்கும்படி, சித்தி, சித்தி என்று.

செவ்வாய்க்கிழமை நாடகம் மட்டும் நிற்கவில்லை. சித்தியும் உட்கார்ந்து பார்ப்பாள், ஆனால் தப்பு எதையும் சொல்வதில்லை. அப்படியிருக்க ஒரு வாரம், நாடகத்து அம்மாவின் இடத்தில் வேறொரு பெண் வந்து நின்றாள். பழைய நடிகைக்கு சினிமாவில் வாய்ப்பு வந்துவிட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். புதியவள் கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் சின்னவள். பழையவளின் பெயரைச் சொல்லித்தான் புருஷன் இவளையும் கூப்பிட்டான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றன. ஏன், எங்கே, யார் என்று ஒரு சத்தம் இல்லை. வழக்கம்போல ஒரு ரகளை, வழக்கம்போல ஒரு சிரிப்பு.

முன்னறையில் கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா, "பழையவளுக்கு இவ ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றார்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்புறம்தான் அவர்களுக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

சித்தி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இம்புட்டு நாளும் சேலைதான் மாறும், ஆளு மாறமாட்டா. இன்னிக்கு ஆளே மாறிட்டா, சேலை மாறல. அந்தப் பெரிய கட்டம் பழையவ கட்டுனது" என்றாள்.

"நாடகந்தான, என்னத்துக்கு இம்புட்டு ஆராய்ச்சி?" என்றார் அப்பா.

"அந்தப் பிள்ளைகளப் பாருங்க. பெத்தவ எங்கன்னு ஒண்ணு கேக்கல. வந்தவளையும் நீ யாருன்னு ஒண்ணு கேக்கல."

அப்போது சித்தி கட்டியிருந்ததும் அம்மாவின் சேலை. எல்லோருக்கும் அது தெரியும், அம்மா அதைக் கட்டி எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்பா எழுந்துபோய் டிவியின் மரக்கதவை இழுத்து மூடினார். உள்ளே அந்தக் குடும்பம் தொடர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "சரி, உலை வச்சிட்டு வந்தேன்" என்று முதல் ஆளாக எழுந்தார். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் சித்தி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மற்றவர்கள் புதியவளுக்குப் பழகிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் பழையவளின் முகமே யாருக்கும் ஞாபகமில்லை என்பது எனக்குத் தாங்கமுடியாத எரிச்சலாக இருந்தது.

பிறகு தம்பி பிறந்தான். சித்தியின் மகன். பேச்சு வந்த வயதில், சித்தியைப் பார்த்துக் கையை நீட்டி அவன் "சித்தி" என்றான். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். வந்திருந்த உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் போனதும் அப்பா என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். "உன் வாயாலதான பிள்ள பெத்தவளச் சித்திங்கான்!" வலித்தது. ஆனாலும் அழவில்லை, அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மறுநாள் காலை எனக்குச் சடை பின்னும்போது சித்தி மெதுவாகச் சொன்னாள். "இனிமே அம்மான்னே கூப்பிட்டிரு."

"நீதான வேண்டாம்னு சொன்ன?"

"சொன்னேன். அவனுக்காவது நான் அம்மாவா இருக்கணும்லா. ரெண்டையும் வச்சுக்கிட முடியாது போல."

சடையை இறுக்கி முடித்து ரிப்பனைக் கட்டினாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு வாரேன்" என்றேன். அடுக்களையிலிருந்து "சரி" என்று மட்டும் வந்தது. அவளும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி சீக்கிரமே திருந்திக்கொண்டான். அப்பாவுக்கு நிம்மதி, ஊருக்கு நிம்மதி. பிள்ளை பாசமாகிவிட்டது என்று என் காதுபடவே பாராட்டினார்கள்.

தொண்ணூறுகளில், நான் பிளஸ் டூ படிக்கும்போது, தாத்தாவை உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நானும் சித்தியும் நின்றுகொண்டிருந்தோம். கையில் பிள்ளையோடு ஒரு பெண் சற்றுத் தள்ளி நின்று சித்தியையே பார்த்தாள். கிட்ட வருவதா வேண்டாமா என்று அவளுக்குத் தயக்கம். சித்திக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முன்முடி நரைத்து, கன்னம் ஒட்டி, பார்க்கிறவர்கள் நாற்பது சொல்வார்கள். ராஜபாளையம் பஸ் உள்ளே திரும்புவதைப் பார்த்து, "அம்மா, பஸ் வந்திருச்சு" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. நேராக வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அவ அக்காதான? அப்படியே அவ சாடை. நானும் உங்க தங்கச்சியும் காலேஜ்ல ஒரே பெஞ்சுக்கா. சுந்தரபாண்டியத்துக்காரின்னா அவளுக்குத் தெரியும். கடைசி வருசம் லீவு முடிஞ்சு வரவே இல்ல, திடீர்னு நின்னுட்டா. என்ன ஏதுன்னு ஒரு விவரமும் தெரியல. இப்ப எங்க இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். சித்தி மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"அவளா? மெட்ராஸ்ல இருக்கா" என்றாள். "விட்ட படிப்ப அங்க போய் முடிச்சா. அங்கயே ஒரு காலேஜ்ல கணக்கு சொல்லிக்குடுக்கா."

"நெனச்சேன்! அவ மூளைக்கு வேற எப்படி இருப்பா? கல்யாணம் ஆயிருச்சாக்கா?"

"இன்னும் இல்ல. அவளுக்கு எப்ப தோணுதோ, யாரப் பிடிக்குதோ, அவ இஷ்டம்னு விட்டுட்டோம்."

பஸ் புறப்பட ஹாரன் அடித்தது. நான் ஏறிவிட்டேன். படிக்கட்டில் கால் வைத்த சித்தியைப் பார்த்து அந்தப் பெண் கீழிருந்து, "நான் கேட்டேன்னு மறக்காம அவகிட்டச் சொல்லுங்கக்கா" என்றாள்.

"சொல்லுதேன்" என்றாள் சித்தி.