நிறுத்து என்றால் எது?

நான்த் நகரத்து ரொட்டிக்கடையில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டால், கடைக்காரம்மா காதில் விழாதவர் போல நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிரான்சில் ஐந்து வருடம் இருந்ததில் அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிவிட்டது. போன மாதம் சொந்த ஊரான நெல்லித்தோப்புக்கு வந்த மறுநாள் காலை, மளிகைக்கடை வாசலில் நின்று கணீரென்று "வணக்கம்" என்றேன். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"

இங்கே யாரும் முழுதாகச் சொல்வதில்லை. "வழக்கமா வாங்கறது" என்றால் போதும், பொருள் பையில் விழும். அங்கே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். எனக்குச் சோறு போடுகிற தொழிலோ அதற்கும் ஒரு படி மேலே. வீடுவீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் தாதியருக்காக எங்கள் நிறுவனம் ஒரு மென்பொருள் செய்கிறது. இப்போது அதை இயக்கப்போவது மனிதர் இல்லை, ஏஜென்ட் எனப்படும் செயற்கை நுண்ணறிவு. நோயாளியின் மகளோ மகனோ எழுதுவதைப் படித்து, எந்தக் கருவியை அழுத்துவதென்று அதுவே முடிவு செய்யும். ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும் என்று அதற்குப் புரிகிற மாதிரி விளக்கம் எழுதுவது என் வேலை. அது பார்ப்பது அந்த விளக்கத்தை மட்டும்தான்.

ஒரு மாதம் அண்ணன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்திருந்தேன். அடுத்த வாரம் ஒரு சிற்றூரில் நிஜமான நோயாளிகளுக்கு ஏஜென்ட்டைத் திறந்துவிடுவதாகத் திட்டம். சோதனையில் எல்லாம் நன்றாகப் போய், ஓரிடத்தில் இடறியது. 'அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வருகையை நிறுத்துங்கள்' என்று எழுதினால், ஏஜென்ட் அந்த அப்பாவின் பதிவுக் கோப்பையே நிரந்தரமாக மூடிவிட்டது. நிஜத்தில் நடந்தால், வீடு திரும்பும் கிழவருக்கு ஊசி போட ஆளே வராது. மறுபடி மறுபடி பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மூடியது.

"பேத்," என்றார் என் மேலாளர் ஃபாபியென், நான்த்திலிருந்து வீடியோ அழைப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு. முட்டாள் என்று அர்த்தம். திட்டத்தையே தள்ளிவைத்துவிடலாம் என்றார்.

அந்தச் சொல்லைத் தமிழில் நான் ஒருமுறை கத்தியிருக்கிறேன். நான்த் போன முதல் வருடம் அது. அண்ணனுக்குக் குடும்பத்தோடு ஒரு மாதம் சென்னையில் தங்க வேண்டியிருந்தது. வீட்டு இன்டர்நெட் சும்மா கிடக்கிறதே என்று, "நெட்ட நிறுத்திடுண்ணா" என்று போனில் சொன்னேன். அவன் இணைப்பையே ஒப்படைத்து, பெட்டியையும் கழற்றிக் கொடுத்துவிட்டான். திரும்ப வாங்குவதற்குள் பொங்கல் வந்து போய்விட்டது. வீடியோவில் கூட நான் பார்க்காத பொங்கல் அது. "மண்டு!" என்று கத்தினேன். "நிறுத்துன்னு சொன்ன, நிறுத்திட்டேன். வேற என்ன சொன்ன நீ?" என்றான்.

கோப்பை மூடும் எங்கள் கருவியின் பெயருக்கும் பிரெஞ்சில் 'நிறுத்து' என்றுதான் அர்த்தம். நான் எழுதியிருந்த விளக்கம்: 'நோயாளிக்கான வருகையை நிறுத்தும்.' அவ்வளவே. அண்ணனிடம் சொன்ன அதே அரைகுறைப் பேச்சு. அவசரமாக அதை அழித்துவிட்டு எழுதினேன்: 'கோப்பை நிரந்தரமாக மூடும். மூடினால் திறக்க முடியாது. சில நாட்களுக்கு மட்டும் என்றால் இதைத் தொடாதே; இடைநிறுத்தும் கருவியைப் பயன்படுத்து. எது என்று தெரியாவிட்டால் ஊகிக்காதே, கேள்.'

"இவ்வளவு நீளமா? இது எந்தத் தாதிக்கும் தெரியுமே," என்றார் ஃபாபியென்.

"தாதிக்குத் தெரியும். இதற்கு நாம் சொல்லவே இல்லையே," என்றேன்.

அரைமனதோடு அதே சோதனை வரியைத் தட்டினார். திரையில் எழுத்துகள் வந்தன: 'உங்கள் அப்பா நலம்பெறட்டும். சில நாட்களுக்கு மட்டும் நிறுத்தவா, அல்லது முழுவதுமாகவா?'

நான் போட்ட கூச்சலில் அண்ணன் துடைப்பத்தோடு ஓடிவந்தான். "இன்னா, பாம்பா?"

"கேட்டுச்சுண்ணா! மூடாம கேட்டுச்சு!"

நடந்ததைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டான். "அப்ப அன்னிக்கி நான் கேட்டிருக்கணும்ங்கிற?"

"இல்லண்ணா. நான் ஒழுங்கா சொல்லியிருக்கணும்ங்கிறேன்."

அவன் சிரித்த சிரிப்பு திரை வழியாக நான்த் வரை போயிருக்கும். ஃபாபியெனும் காரணம் தெரியாமலே சிரித்தார். வாக்கியத்தை மாற்றி மாற்றி, விதவிதமாகக் குழப்பிப் பார்த்தோம். ஒருமுறைகூட அது கேட்காமல் மூடவில்லை. திட்டம் சொன்னபடி நடக்கும் என்றார் ஃபாபியென். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். இங்கே விளக்கு வைக்கிற நேரம், அண்ணி வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். ஃபாபியென் பின்னால் ஜன்னலில் பகல் வெயில் பளீரென்று அடித்தது.

கேமராவை அணைக்கப் போனவர் நிமிர்ந்து கேட்டார்: "து ராந்த்ர் கான்?"

"இன்னா கேக்குறாங்க?" என்றான் அண்ணன்.

"எப்ப வீட்டுக்கு வருவேன்னு கேக்குறாங்க."

அவன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "வூட்லதான கீற?"