திரைக்கு வெளியே பதினான்கு

கொவில்யா ஊர்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடமாகக் கணக்கு நடத்துகிறார் தெவொலிந்தா டீச்சர். வரைபடக் கால்குலேட்டர் மேல் அவருக்குக் கோபமில்லை. அதை நம்பி மூளையை மூட்டை கட்டி வைப்பவர்கள் மேல்தான்.

அந்த மாதத் தேர்வில் 2x + 5 = 3x − 9 என்று கொடுத்து, எந்த முறையிலும் தீர்க்கலாம் என்றார். இருபத்தாறு மாணவர்கள் கால்குலேட்டரில் இரு பக்கத்தையும் இரண்டு கோடுகளாக வரைந்தார்கள்; அவை வெட்டும் இடத்து x-தான் விடை. திரையில் x பத்தோடு முடிந்துவிடும். கோடுகள் வெட்டிக்கொள்வதோ பதினான்கில். திரையை விரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "தீர்வு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் பூஜ்யம். வாஸ்கு மட்டும் கையால் போட்டிருந்தான். ஒன்பதைப் பக்கம் மாற்றும்போது குறியை மாற்ற மறந்து, மைனஸ் நான்கு என்று முடித்திருந்தான். அவனுக்குப் பாதி மதிப்பெண்.

ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் அனிபால் காப்பியோடு வந்து தாள்களைப் புரட்டி, வாஸ்குவின் தாளில் நிறுத்தினார்.

"என்ன டீச்சர் இது, இவனும் தப்பாத்தானே போட்டிருக்கான்?"

"அவன் கிளம்பிப் போய் வழி தவறிட்டான்," என்றார் தெவொலிந்தா, அடுத்த தாளை எடுத்தபடி. "மத்தவங்க வாசப்படியே தாண்டல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, அப்படி ஒரு ஊரே இல்லன்னுட்டாங்க."